ஜிஐ ஷீட்டுக்குப் பின்னால் ஒரு பைண்டிங் கடைப் பையன்: யார் இந்த ஃபாரடே?

ஜிஐ ஷீட் சீக்கிரம் துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம், அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு. இன்று உலகின் பெரும்பகுதி துத்தநாகம் மின்னாற்பகுப்பில்தான் கிடைக்கிறது. அதற்கான கணக்கைப் போட்டவர், பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத மைக்கேல் ஃபாரடே.

1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். 14 வயதில் லண்டனில் பைண்டிங் கடை வேலை. தைக்க வந்த புத்தகங்களைப் படிச்சே அறிவியல் கத்துக்கிட்டார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் குறிப்பெடுத்து, அழகாக பைண்ட் செய்து, அவருக்கே அனுப்பினார். 1813-ல் டேவியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது.

1831-ல் காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்தார். ஜெனரேட்டரின் அடிப்படை அதுதான். அடுத்த சில ஆண்டுகளில், கரைசலில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அதற்கேற்பவே உலோகம் படியும் என்று நிறுவினார். (பிளஸ் டூ வேதியியலில் நம்மைப் படுத்தியெடுத்த அதே ஃபாரடே விதிகள்!) அதன்படி, ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அதிகபட்சம் 1.22 கிராம் துத்தநாகம். எந்த ஆலையாலும் இதைத் தாண்ட முடியாது.

சர் பட்டம் வேண்டாம் என்று மறுத்த ஃபாரடே, 1867-ல் காலமானார். மின்னாற்பகுப்பில் துத்தநாகம் எடுக்கும் வணிக ஆலை எதையும் அவர் பார்க்கவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? மலிவான மின்சாரம் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய தலைவலி, கரைசலின் சுத்தம். ஆன்டிமனி மாதிரி அசுத்தம் துளி கலந்தாலும், படிந்த துத்தநாகமே திரும்பக் கரைந்து ஹைட்ரஜன் கிளம்பும். முதல் உலகப் போரில் தோட்டா உறைக்கான பித்தளைக்குத் துத்தநாகம் ஏராளமாகத் தேவைப்பட்டது. அப்போதுதான், 1915-16-ல், அமெரிக்காவின் மொன்டானாவிலும் கனடாவின் டிரெயிலிலும் வணிக உற்பத்தி சூடுபிடித்தது.