ஊர்வனவற்றின் தோழி ஜோன் புராக்டர்

திருநாவலூர் என்றதும் சுந்தரர் நினைவுக்கு வருவார். சுந்தரர் என்றதும், அவிநாசியில் முதலை விழுங்கிய பாலனை அவர் பாடி மீட்ட வரலாறு நினைவுக்கு வரும். முதலை என்றாலே நாம் நடுங்குகிறோம். ஆனால் முதலைக் குட்டியொன்றைப் பள்ளி வகுப்பறைக்கே கொண்டு சென்றாள் ஒரு மாணவி. அவர்தாம் பின்னாளில் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் ஊர்வனப் பிரிவின் காப்பாளராக விளங்கிய ஜோன் புராக்டர் அம்மையார்.

1897-இல் லண்டனில் பிறந்த இவரைச் சிறு வயதிலேயே குடல்நோய் பற்றிக்கொண்டது. மற்றப் பிள்ளைகள் ஓடியாடிய வயதில் இவர் பாம்புகளையும் பல்லிகளையும் வளர்த்தார். அவற்றுள் டால்மேஷியா நாட்டுப் பல்லியொன்று இவருக்கு உயிர். உண்ணும் வேளையிலும் அது மேசையில் பக்கத்திலேயே இருக்குமாம்!

மிரளும் பல்லிக் குட்டியைப் பழக்குவது எளிதன்று. அதன் கண்ணுக்கு மேலிருந்து இறங்குவதெல்லாம் பருந்தும் காக்கையுமே. எனவே கையை மேலிருந்து நீட்டலாகாது. தரையோடு தரையாக, பக்கவாட்டில், மெல்லக் கொண்டுபோக வேண்டும். ஒளிந்துகொள்ள ஓரிடமும், வெயில் காய ஓரிடமும் முதலில் வேண்டும். சில நாள் தொடாமல் அருகில் மட்டும் இருந்து, பிறகு விரல் நுனியில் பூச்சியை நீட்ட வேண்டும். அது தானாகக் கைமேல் ஏறும் நாளே வெற்றி நாள். வாலைப் பிடித்தாலோ, வால் நம் கையிலும் பல்லி பொந்திலுமாக முடியும்! அசையாதிருக்கும் பல்லியெல்லாம் பழகிய பல்லி என்று எண்ணுவோரும் உளர். குளிராலும் அச்சத்தாலும்கூட அது அசையாதிருக்கும். (ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் நம்மூர்ச் சிறுவர்க்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது? உடும்பையோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காக்கிறது. வீட்டில் வளர்த்தல் குற்றம்.)

நோயின் காரணமாகப் பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஊர்வன அறிஞர் பூலஞ்சர் இவருடைய அறிவைக் கண்டு 1916-இல் தம் உதவியாளராக்கிக் கொண்டார். 1923-இல் விலங்குக்காட்சி சாலைப் பதவி வந்தது. 1927-இல் அங்குத் திறக்கப்பட்ட ஊர்வன இல்லம் இவர் திட்டமிட்டதே. பல்லிக்குச் சூடும், புற ஊதாக் கதிரும் தேவை என்பதை உணர்ந்து, அக்கதிரை உட்புக விடும் தனிக் கண்ணாடியைப் பொருத்தச் செய்தார்.

அவ்வாண்டிலேயே இந்தோனேசியாவிலிருந்து இரு கொமோடோ உடும்புகள் வந்து சேர்ந்தன. உலகில் மிகப் பெரிய பல்லியினம். பத்தடி வரை வளரும், மானையும் வீழ்த்தும். அறிவியல் உலகுக்கு அது அறிமுகமானதே 1912-இல்தான். அவற்றுள் சும்பாவா என்று பெயரிடப்பட்டதை அம்மையார் பொறுமையாகப் பழக்கினார். 1928-இல் விலங்கியற் கழகக் கூட்டத்துக்கே அதை அழைத்து வந்தார். அறிஞர்கள் பார்த்திருக்க, அது அவர் கையிலிருந்து இரை வாங்கித் தின்றது. தடவிக் கொடுக்கவும் இசைந்தது. ஒருமுறை சினந்தால் கையையே துண்டிக்கக்கூடிய விலங்கு அது. பலநாள் ஓயாத வலியோடு, தளர்ந்த உடம்பினராய் அவர் அதனருகே நின்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1931-இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில், முப்பத்து நான்காம் வயதில், அம்மையார் மறைந்தார்.