எண்களால் உயிர் காத்தவர்

மக்கள் பிறத்தலும் இறத்தலும் இயல்பு. ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால் அவ்வீட்டார் அழுது, ஆற்றி, நாளடைவில் துயர் மறப்பர். ஆயின், ஒரு நாட்டில் இறந்தார் அனைவருடைய வயது, தொழில், ஊர், நோய் ஆகியவற்றை ஒருங்கே எழுதித் தொகுத்துப் பார்த்தால், தனித்தனியே நோக்குங்கால் தோன்றாத உண்மைகள் பல புலனாகும். இறந்தவர் கணக்கு இருப்பவர்க்குக் காவலாகும். இதனை உலகம் அறியச் செய்த சான்றோருள் ஒருவர் வில்லியம் ஃபார் என்னும் ஆங்கில அறிஞர்.

பிறப்பும் கல்வியும்

வில்லியம் ஃபார் 1807 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த கென்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வறியவர். குடும்பத்தார் அண்மையிலிருந்த டாரிங்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வாழ்ந்த ஜோசப் பிரைசு என்னும் செல்வர், சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, தம் பிள்ளைபோல் ஏற்று வளர்த்தார். இளைஞராகிய ஃபார் ஷ்ரூஸ்பரி நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவர்க்கு உதவியாளராய் அமர்ந்து தொழில் பயின்றார். 1828 இல் பிரைசு மறைந்தார். அவர் தம் இறுதி முறியில் ஃபாருக்கு 500 பவுன் எழுதி வைத்திருந்தார். அப்பொருளைக் கொண்டு ஃபார் பாரிசு நகர் சென்று மருத்துவம் கற்றார்.

அந்நாளில் பாரிசில் லூயி என்னும் பேராசிரியர் புகழுடன் விளங்கினார். ஒரு மருந்து நல்லதா தீயதா என்பதை ஒருவர் இருவரைக் கண்டு முடிவு செய்தலாகாது. பல நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை ஃபாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாயகம் திரும்பிய அவர் 1832 இல் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் பெற்றார். மறு ஆண்டில் மணம் செய்துகொண்டு இலண்டன் மாநகரில் தொழில் தொடங்கினார். ஆயினும், அவர் மனம் மக்கள் வாழ்வு சாவு பற்றிய கணக்குகளையே நாடிற்று. 1837 இல் அவர் மனைவி காசநோயால் இறந்தார். அத்துயரைச் சுமந்திருந்த நாளில்தான் அவர் வாழ்வின் பெரும்பணிக்குரிய வாயிலும் திறந்தது.

பதிவகப் பணி

பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகிய மூன்றையும் நாடெங்கும் பதிவு செய்தல் வேண்டும் என இங்கிலாந்தில் 1836 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1837 சூலை முதல் நாள் பதிவு தொடங்கிற்று. இதன் பொருட்டு இலண்டனில் நிறுவப்பட்ட தலைமைப் பதிவகத்தில் ஃபார் விரைவில் பணியேற்றார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவியும் இறப்புப் பதிவுகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து பயனுள்ள முடிவுகளை எடுத்துரைப்பதே அவர் கடமை.

அவர் முதலில் கண்ட குறை நோய்களின் பெயர்க் குழப்பம். ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் வழங்கிற்று. சில பதிவுகளில் நோயின் பெயருக்குப் பதில் அதன் அடையாளம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஒரே பொருளைப் பல படிகளால் அளந்தால் கணக்கு எங்ஙனம் சேரும்? ஆதலின் ஃபார் நோய்களை இனம் இனமாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் ஒரு பெயரை நிலைபெறுத்திப் பட்டியல் வரைந்தார். அப்பட்டியலைப் பின்பற்றுமாறு மருத்துவரும் பதிவாளரும் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

இறந்தோர் தொகையை மட்டும் கொண்டு ஓர் ஊரின் நலத்தை அறிய இயலாது. பேரூரில் பலர் இறப்பர். சிற்றூரில் சிலரே இறப்பர். வாழ்வோர் தொகையோடு இறந்தோர் தொகையை ஒப்பிட்டு, ஆயிரவருள் எத்துணைப் பேர் இறந்தனர் என்று காணுதல் வேண்டும். ஃபார் மக்கள் கணக்கெடுப்பையும் இறப்புப் பதிவையும் இணைத்து ஒவ்வொரு மாவட்டத்திற்கும் இவ்விகிதத்தைக் கணக்கிட்டார். நலமிக்க மாவட்டங்களில் ஆண்டொன்றுக்கு ஆயிரவருள் 17 பேர்க்கு மேல் இறக்கவில்லை. அங்ஙனமாயின், பிற ஊர்களில் அவ்வளவிற்கு மேற்பட்ட இறப்பெல்லாம் தடுத்திருக்கக் கூடியவையே என்பது அவர் கண்ட முடிவு. சாக்கடை இன்மையும் தூய நீர் இன்மையும் எத்துணை உயிர்களைக் கொண்டன என்பதை நகராட்சியாளர் தம் ஊரின் கணக்கிலேயே கண்டனர். ஊழ் என்று சொல்லி ஒதுங்க அவர்களுக்கு இடமில்லாது போயிற்று.

கிரிமியப் போரிலிருந்து திரும்பிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஃபாரின் துணையை நாடினார். இருவரும் கூடிப் படைவீரர் இறப்புக் கணக்கை ஆராய்ந்தனர். போரில்லாத காலத்தில், தாய்நாட்டுப் பாசறைகளில் வாழ்ந்த இளம் வீரர், அதே வயதுடைய பொதுமக்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு இறந்தனர் என்பது வெளிப்பட்டது. அக்கணக்கு பாசறைகளின் சீர்திருத்தத்திற்குத் துணை செய்தது.

காலரா ஆராய்ச்சி

1848, 1849 ஆம் ஆண்டுகளில் காலரா என்னும் கொடிய வாந்திபேதி இங்கிலாந்தில் பரவிற்று. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்நோய் அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் வருவது என்று அக்கால அறிஞர் பலரும் நம்பினர்; ஃபாரும் அவ்வாறே நம்பினார். இலண்டன் நகரின் ஒவ்வொரு பகுதியும் தேம்ஸ் ஆற்று மட்டத்திற்கு எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும், அங்கு இறந்தோர் தொகையையும் அவர் ஒப்பிட்டார். 20 அடிக்கும் தாழ்ந்த பகுதிகளில் பதினாயிரவருள் 102 பேர் இறந்தனர். 40 முதல் 60 அடி வரை உயர்ந்த பகுதிகளில் 34 பேரே இறந்தனர். ஆற்றங்கரையின் கெட்ட காற்றே காரணம் என 1852 இல் வெளிவந்த அறிக்கையில் அவர் எழுதினார். கணக்கில் பிழையில்லை, கருத்திலேதான் பிழை இருந்தது. தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்தோர்தாம் மாசு மிக்க ஆற்றுநீரைப் பெரிதும் பருகினர் என்பதை அவர் அன்று முதன்மையாகக் கொள்ளவில்லை.

காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் கூறினார். அதனைப் பலர் ஏற்கவில்லை. 1854 இல் காலரா மீண்டும் தோன்றியது. தென் இலண்டனில் இரு நிறுவனங்கள் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கி வந்தன. சதர்க் வாக்ஸ்ஹால் நிறுவனம் நகரின் கழிவு கலந்த இடத்தில் ஆற்றுநீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனமோ 1852 முதல் நகருக்கு மேற்புறத்தே தூய இடத்தில் நீர் எடுத்தது. ஸ்னோ தம் கொள்கையை நிறுவ இறந்தோர் முகவரிகளை வேண்டினார். அவை ஃபார் பணிபுரிந்த பதிவகத்தில் இருந்தன.

மாற்றுக் கொள்கையுடையார்க்குத் தம் கருவூலத்தைத் திறந்து கொடுப்பார் சிலரே. ஃபாரோ தயங்காது கொடுத்தார். அதனோடமையாது, காலராவால் இறந்தவர் வீட்டிற்கு நீர் வழங்கிய நிறுவனம் எது என்பதையும் குறிக்குமாறு தென் இலண்டன் பதிவாளர்களுக்கு ஆகத்துத் திங்களின் இறுதியில் ஆணை சென்றது. ஸ்னோவின் கணக்கு வியப்பூட்டுவது. நோயின் முதல் ஏழு வாரங்களில், சதர்க் வாக்ஸ்ஹால் நீர் பெற்ற பதினாயிரம் வீடுகளுக்கு 315 பேர் இறந்தனர். லாம்பெத் நீர் பெற்ற பதினாயிரம் வீடுகளுக்கு 37 பேரே இறந்தனர். காற்று ஒன்றே, தெரு ஒன்றே, நீர் மட்டுமே வேறு. எனினும் அறிஞர் உலகம் முற்றும் இணங்கவில்லை. ஸ்னோ 1858 இல் தம் 45 ஆம் வயதில் மறைந்தார்.

1866 இல் காலரா கிழக்கு இலண்டனைத் தாக்கிற்று. வாரந்தோறும் வந்த இறப்புக் கணக்குகளைக் கூர்ந்து நோக்கிய ஃபார், ஒரே நிறுவனத்தின் நீரைப் பருகிய பகுதிகளில் மட்டும் சாவு மிகுதல் கண்டார். வடிகட்டாத நீரைத் தாங்கள் வழங்கவில்லை என நிறுவனத்தார் மறுத்தனர். ஆனால், வீட்டு நீர்க்குழாய்களில் விலாங்கு மீன்கள் அகப்பட்டன. வடிகட்டிய நீரில் மீன் எங்ஙனம் வரும்? ஓல்டு ஃபோர்டு என்னுமிடத்தில், மூடப்படாத தேக்கத்திலிருந்த நீரும் மக்களுக்கு விடப்பட்டது என்பது ஆய்வில் வெளியாயிற்று. ஃபார் தம் பழைய கொள்கையை விடுத்து, நீரே காரணம் என விரிவான அறிக்கை எழுதி 1868 இல் வெளியிட்டார். பல்லாண்டு போற்றிய தம் கருத்தைத் தாமே திரட்டிய கணக்கு மறுத்தபோது, அவர் கணக்கின் பக்கமே நின்றார். இலண்டனைக் காலரா கொள்ளை கொண்டது அதுவே இறுதி முறை.

பிற்கால வாழ்வும் பயனும்

1879 இல் தலைமைப் பதிவாளர் பதவி ஒழிவாயிற்று. நாற்பதாண்டு உழைத்த ஃபாருக்கு அது கிட்டவில்லை, வேறொருவர் அமர்த்தப்பட்டார். ஃபார் பணியினின்று விலகி, 1883 ஏப்ரல் 14 ஆம் நாள் மறைந்தார்.

அவர் இட்ட வித்து மரமாயிற்று. 1853 இல் பிரசல்சு நகரில் கூடிய புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான நோய்ப் பட்டியல் ஒன்றை வகுக்குமாறு அவரையும் ஜெனீவா நகர மருத்துவர் ஒருவரையும் கேட்டுக்கொண்டது. அம்முயற்சியின் வழிவந்த பட்டியலை 1948 இல் உலக நல நிறுவனம் ஏற்றது. அது காலந்தோறும் திருத்தப்பெற்று இன்றும் வழங்குகின்றது. 2006 முதல் 2010 வரை பிரிட்டனில் 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஐந்து இலட்சம் பேர் தாமே முன்வந்து, தம் குருதியையும் உடல்நலச் செய்திகளையும் ஆராய்ச்சிக்கு அளித்தனர். அவர்தம் மரபணுக்களை மருத்துவமனைக் குறிப்புகளோடும் இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிட்டு, எந்நோய் எதனால் வருகிறது என்று அறிஞர் ஆராய்கின்றனர். பெயர் நீக்கிய பின்னரே அச்செய்திகள் ஆராய்வோர் கைக்குச் செல்கின்றன. ஃபார் மைகொண்டு எழுதிய பணியை இன்று கணிப்பொறி செய்கின்றது, முறை ஒன்றே.

பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரின் வாழ்வு. அதனைப் பிழையின்றி எழுதுவதும், ஒளியாது பிறர்க்குக் காட்டுவதும், அது தம் கருத்துக்கு மாறாயினும் தலைவணங்கி ஏற்பதும் அறிவுடையோர் கடமை. அக்கடமையில் வழுவாது நின்ற வில்லியம் ஃபார், தாம் முகமறியாத எண்ணற்றோர்க்கு உயிர் அளித்தவராவார்.