காந்தி ஏன் பாலை விட்டார், ஆட்டுப்பால் ஏன் குடித்தார்?



விரதம் நமக்குப் புதுசு இல்ல. சஷ்டி, கிருத்திகை, செவ்வாய்க்கிழமைனு வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு வந்துட்டே இருக்கும். கூடவே கேள்விகளும் வரும். காபி குடிக்கலாமா? பழம் மட்டும்னா ஜூஸ் கணக்குல வருமா? ராத்திரி 12 மணி தாண்டிட்டா விரதம் முடிஞ்ச மாதிரியா? இந்த மாதிரி கேள்விகளோட கிட்டத்தட்ட 60 வருஷம் வாழ்ந்த ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ரூபாய் நோட்டுல தினமும் பாக்குற மனிதர். சுதந்திரப் போராட்டம் எல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சு, அதை இங்க தொடப் போறதில்ல. அவர் தட்டுல என்ன இருந்துச்சு, எதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய போச்சு, அதை மட்டும் பாப்போம்.

காந்தி 1869-ல் போர்பந்தரில் ஒரு வைணவ வணிகக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டுல அசைவம் கிடையவே கிடையாது. அம்மா புத்லிபாய் விரதத்துல ரொம்பக் கறார். ஒரு மழைக்காலம் முழுக்க, சூரியனைப் பாத்தா மட்டும்தான் அன்னிக்குச் சாப்பாடுனு இருந்தார். பிள்ளைங்க வாசல்ல நின்னு வானத்தையே பாத்துட்டு இருப்பாங்க. வெயில் எட்டிப் பாத்ததும் அம்மாவைக் கூப்பிட ஓடுவாங்க. அவர் வெளிய வர்றதுக்குள்ள மேகம் மூடிடும். முகம் சுளிக்காம உள்ள போய் வேலையைப் பாப்பார். இந்தக் காட்சி காந்திக்குக் கடைசிவரை மறக்கல.

அப்படிப்பட்ட அம்மாவோட பிள்ளை ராஜ்கோட்டில் படிக்கும்போது திருட்டுத்தனமா ஆட்டுக்கறி சாப்பிட்டார். இது பலருக்குத் தெரியாது. கூடப் படிச்ச ஒரு நண்பன், இங்கிலீஷ்காரன் கறி சாப்பிடறதாலதான் பலசாலியா நம்மை ஆள்றான்னு ஏத்திவிட்டான். காந்திக்கோ இருட்டுன்னா பயம், பேய்னா பயம், பாம்புன்னா பயம். நண்பனுக்கு எந்தப் பயமும் கிடையாது. ஆத்தங்கரை ஓரமா ஆள் இல்லாத ஒரு இடத்துல முதல் விருந்து. கறி தோல் மாதிரி இருந்துச்சு, குமட்டிக்கிட்டு வந்துச்சு, பாதியிலேயே எழுந்துட்டார். அன்னிக்கு ராத்திரி கண்ணை மூடினா வயித்துக்குள்ள உயிரோட ஆடு கத்தற மாதிரியே இருந்துச்சு. ஆனாலும் விடல. சுமார் ஒரு வருஷத்துல ஆறு தடவை போல இப்படி நடந்துச்சு. போகப் போக ருசியும் பிடிச்சுப் போச்சு.

அப்புறம் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார்ங்கறதை நல்லா கவனிங்க. கறி தப்புனு தோணி நிறுத்தல. வெளிய சாப்பிட்டுட்டு வந்து வீட்டுல பசி இல்லைனு அம்மாகிட்ட பொய் சொல்ல வேண்டி இருந்துச்சே, அந்தப் பொய்தான் தாங்கல. பெத்தவங்க இருக்கற வரைக்கும் தொடமாட்டேன், அவங்க காலத்துக்கு அப்புறம் வெளிப்படையாவே சாப்பிட்டுக்கலாம்னு முடிவு பண்ணார். அதாவது வயிறு சைவம், மனசு அசைவம்.

1888-ல் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் கிளம்பும்போது அம்மாவுக்குப் பயம். குடும்பத்துக்கு வேண்டிய பேச்சர்ஜி சுவாமிங்கற சமணத் துறவி முன்னாடி காந்தி சத்தியம் பண்ணிக் கொடுத்தார்: மது, மாது, மாமிசம் மூணையும் தொடமாட்டேன்னு. அப்போ அவருக்கு 19 வயசு கூட முடியல. கப்பல்ல எதுல கறி இருக்கு, எதுல இல்லைனு கேக்கவே கூச்சப்பட்டு, வீட்டுலேர்ந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் வெச்சே ஓட்டினார்.

லண்டன்ல சாப்பாடு கொடுமை. காலைல ஓட்ஸ் கஞ்சி, மத்தியானமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். உப்பு உறைப்பு இல்லாம வேகவெச்ச காய். இன்னும் ரெண்டு ரொட்டி வேணும்னு கேக்கவும் வெட்கம். அரைவயிறுதான். (ஹாஸ்டல்ல முதல் செமஸ்டர் இருந்தவங்களுக்கு இது புரியும்.) அங்க இருந்த நண்பர் ஒருத்தர் நல்ல எண்ணத்தோடதான் கறி சாப்பிடச் சொல்லி தினமும் வாதாடினார். ஒருநாள் ஹோபர்ன் ரெஸ்டாரன்ட்ங்கற பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனார். சூப் வந்துச்சு. இதுல கறி இருக்கானு காந்தி பரிமாறுபவரைக் கூப்பிட, நண்பருக்கு மானம் போயிடுச்சு. நாகரிகம் தெரியலைன்னா வெளிய போய் நில்லுன்னு கடிந்துகொண்டார். காந்தி சண்டை போடல, எழுந்து வெளிய போயிட்டார். பக்கத்துல இருந்த சைவ உணவகம் மூடியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பட்டினி.

அதுக்கப்புறம் தினமும் பத்துப் பன்னெண்டு மைல் நடந்து தேடினார். ஃபாரிங்டன் தெருவுல ஒரு சைவ உணவகம் கண்ணுல பட்டுச்சு. வாசல் பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால சில புத்தகங்கள் விற்பனைக்கு இருந்துச்சு. ஹென்றி சால்ட் எழுதின, சைவ உணவுக்காக வாதாடும் ஒரு புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிட்டு உள்ள போனார். இங்கிலாந்து வந்து அவர் வயிறார சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். புத்தகத்தை ஒரு பக்கம் விடாம படிச்சு முடிச்சார். அதுவரைக்கும் இந்தியர்கள் எல்லாரும் கறி சாப்பிடணும், தானும் ஒருநாள் சாப்பிடணும்னுதான் உள்ளுக்குள்ள நம்பிட்டு இருந்தார். அன்னியோட அது முடிஞ்சுது. அம்மாவுக்காகக் காப்பாத்தின சத்தியம் இப்போ அவரோட சொந்த முடிவா மாறுச்சு. என்னைக் கேட்டா, காந்தி உண்மையிலேயே சைவம் ஆனது போர்பந்தர்ல இல்ல, ஃபாரிங்டன் தெருவுலதான்.

உடனே அடுத்த கேள்வி வந்துச்சு, முட்டை. முட்டை மாமிசம் இல்லைனு ஒரு கூட்டம் சொல்ல, காந்தியும் ரெண்டு வாரம் போல சாப்பிட்டார். அப்புறம் யோசிச்சார். சத்தியத்தை வாங்கினது அம்மா. மாமிசம்ங்கற வார்த்தைக்கு அம்மா மனசுல என்ன அர்த்தமோ அதுதானே கணக்கு? அம்மாவுக்கு முட்டையும் மாமிசம்தான். விட்டுட்டார். முட்டை கலந்த கேக், புட்டிங் எல்லாம் சேர்ந்தே போச்சு. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

1902-ல் பம்பாய்ல இருந்தப்போ பத்து வயசு மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூடவே நிமோனியா. முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கணும்னு டாக்டர் சொன்னார். காந்தி மறுத்துட்டார். ஈரத்துணி சுத்தற நீர் சிகிச்சைல இறங்கினார். பிள்ளை பிழைச்சான். ஆனா பிழைக்காம போயிருந்தா? எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது காந்தி மேல கோபமும் வருது. கொள்கை நம்மளோடது, உயிர் பிள்ளையோடது. அந்த ராத்திரி அவரும் இதே பயத்துலதான் துடிச்சிருக்கார். காய்ச்சல் விட்டதும் 40 நாள் அந்தப் பையனுக்குக் கொடுத்தது தண்ணி கலந்த பாலும் பழச்சாறும். அதாவது அப்போ பால் அவருக்குத் தப்பா தெரியல.

பாலை விட்டது 1912-ல், தென்னாப்பிரிக்காவுல. ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து 21 மைல் தூரத்துல 1,100 ஏக்கர்ல டால்ஸ்டாய் பண்ணை. கட்டடக் கலைஞரான அவர் நண்பர் காலன்பாக் கொடுத்த இடம். சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போனவங்களோட குடும்பங்கள் அங்க தங்கினாங்க, அதுல தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் இருந்ததால, கறி கேட்டா மறுக்கக் கூடாதுன்னுதான் காந்தி நினைச்சார், மாட்டுக்கறியே கேட்டாலும் சரி. அவங்க சந்தோஷமா ஒரே சைவச் சமையலுக்கு ஒத்துக்கிட்டாங்க. அடுத்தவங்க மேல திணிக்கக் கூடாதுங்கறதுல அவர் தெளிவு.

பால் புலனடக்கத்துக்குத் தடைன்னு அவர் ஏற்கனவே நினைச்சுட்டு இருந்தார். கல்கத்தாவுல மாடுகளை வதைச்சு பால் கறக்கறதைப் பத்தின எழுத்துக்களும் கைக்கு வந்துச்சு. பால்னா நமக்கு பால்குடமும் அபிஷேகமும்தான் கண்ணுல நிக்கும், அதனால இதைப் படிக்க நமக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கலாம். காந்தியும் பசுவைத் தாயா நினைச்ச வீட்டுலேர்ந்து வந்தவர்தான். அதனாலதான் அந்தக் கொடுமை அவரை அவ்வளவு உலுக்குச்சு. அவரும் காலன்பாக்கும் சேர்ந்தே பாலை விட்டாங்க. அப்புறம் வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். இன்னிக்கு வீகன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதேதான், 100 வருஷத்துக்கு முன்னாடியே!

1914-ல் லண்டன்ல நுரையீரல் உறை அழற்சி வந்து படுத்தார். கோகலேயே வற்புறுத்தியும் பால் தொடல.

1918-ல்தான் உடம்பு உடைஞ்சுது. கேடா மாவட்டத்துல படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊரா நடந்தப்போ வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் சாப்பாடு. ஒரு பண்டிகை நாள். பால், நெய் சேர்க்கமாட்டாரேன்னு கஸ்தூர்பா எண்ணெய்லயே கோதுமை இனிப்புக் கஞ்சி செஞ்சு, பாசிப்பயறும் வெச்சார். ஒரு மணி நேரத்துல கடுமையான வயித்துப்போக்கு. சாகப் போறோம்னே முடிவு பண்ணி கீதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருந்தார். மாசக்கணக்குல எழுந்திரிக்கவே முடியல.

பம்பாய்ல டாக்டர் தலால் சொல்லிட்டார், பால் இல்லாம இந்த உடம்பைத் தேத்த முடியாதுன்னு. ஊசி போட்டுக்கறேன், பால் மட்டும் முடியாது, சத்தியம் பண்ணிட்டேன்னு காந்தி சொன்னார். கட்டில் பக்கத்துல இருந்த கஸ்தூர்பா விஷயத்தைப் பிடிச்சார்: நீங்க விட்டது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? ரௌலட் சட்டத்தை எதிர்த்து நிக்கணும், அதுக்கு உயிர் வேணும். காந்தி சரின்னுட்டார்.

அம்மா மனசுல இருந்த அர்த்தம்தான் கணக்குன்னு முட்டையை விட்டவர், இங்க வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டார். சத்தியம் பண்ணும்போது ஆட்டை நினைக்கலைங்கறது உண்மைதான். ஆனா எல்லாப் பாலையும் விடறதுதான் அதோட உயிர்னு அவருக்கே தெரியும். அதை மறைக்கல. வார்த்தையைக் காப்பாத்தி உயிரைக் கொன்னுட்டேன்னு சுயசரிதையில அவரே ஒத்துக்கிட்டார், குடிக்கற ஒவ்வொரு நாளும் உறுத்துதுன்னும் சேர்த்து. சட்ட ஓட்டை கண்டுபிடிச்ச வக்கீல் சந்தோஷம் அதுல துளிகூட இல்ல. கஸ்தூர்பா மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. கண் முன்னாடி புருஷன் செத்துட்டு இருந்தா யாரும் அதைத்தான் செய்வாங்க.

1931 நவம்பர்ல வட்டமேசை மாநாட்டுக்குப் போனப்போ லண்டன் சைவ சங்கக் கூட்டத்துல பேசினார். பக்கத்துல 80 வயசு ஹென்றி சால்ட் உக்காந்திருந்தார். உடம்புக்கு நல்லதுன்னு மட்டும் சைவத்துக்கு வந்தவங்க நிலைக்கமாட்டாங்க, மனசுல ஒரு அறம் வேணும்னு அங்க சொன்னார். 1942-ல் ஆகா கான் மாளிகையில கைதியா இருந்தப்போ உடல்நலம் பத்தி எழுதினதிலயும், பால் மிருகத்துலேர்ந்து வர்றது, சுத்த சைவத்துல அதுக்கு இடமில்லைனுதான் எழுதினார், தானே அதைக் குடிச்சுட்டு இருந்தபடி. அதுக்கு மாத்தா ஒரு தாவர உணவை யாராவது கண்டுபிடிச்சுத் தரமாட்டாங்களான்னு தேடிட்டே இருந்தார். கிடைக்கல.

1948 ஜனவரி 30 சாயங்காலம் பிர்லா மாளிகையில, பட்டேலோட பேசிக்கிட்டே சாப்பிட்டது வேகவெச்ச காய், பச்சைக் காய், ஆரஞ்சு, கூடவே ஆட்டுப்பால்.