இசைவாணி ரோஸெட்டா தார்ப் அம்மையார்

ஆற்றின் பெருக்கைக் கண்டு வியப்போர் பலர். அதன் ஊற்றுக்கண்ணை நாடிச் செல்வோர் சிலரே. ராக் அண்டு ரோல் என்னும் இசை உலகெங்கும் பரவிய செய்தியை யாவரும் அறிவர். எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி முதலியோரின் பெயர்களும் நமக்குப் பழக்கமானவையே. ஆயின், அவர்கள் புகழெய்துதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று பாடிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவரே சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் அம்மையார். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மையார் 1915-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்திலே காட்டன் பிளாண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பருத்தி விளையும் அந்நிலப்பகுதியில் கறுப்பினத்தார் வறுமையிலும் அடக்குமுறையிலும் உழன்ற காலம் அது. அவருடைய அன்னையாராகிய கேட்டி பெல் நூபின் என்பவர் மாண்டலின் வாசிப்பதிலும் பாடுவதிலும் வல்லவர். பெந்தெகொஸ்தே சபையொன்றின் ஊழியத்தில் ஈடுபட்டவர். அச்சபையின் வழிபாட்டிலே கைத்தாளமும் வாத்திய முழக்கமும் விலக்கப்படவில்லை. எனவே, குழந்தை ரோஸெட்டாவுக்குத் திருச்சபையே இசைப்பள்ளியாயிற்று. கிதார் தன் உடலளவு இருந்த பருவத்திலேயே அதனை மீட்டிப் பாடக் கற்றுக்கொண்டார். தாயும் மகளும் தென்மாநிலங்களெங்கும் சுற்றி நற்செய்திக் கூட்டங்களில் பாடி வந்தனர். பின்னர்ச் சிக்காகோ நகரிற் குடியேறினர். ஊர்விட்டு ஊர் செல்லும் வாழ்க்கை இவ்வாறு இளமையிலேயே அவருக்கு வாய்த்தது; இறுதிவரை அவரை விட்டு நீங்கவுமில்லை.

1934-ஆம் ஆண்டில் போதகர் ஒருவரை அவர் மணந்தார். அம்மணம் நிலைக்கவில்லை. கணவரின் பெயர் மட்டும் சிறிது திரிந்து, தார்ப் என அவரோடு தங்கிவிட்டது. 1938-இல் நியூயார்க்கு நகரை அடைந்து, புகழ்பெற்ற காட்டன் கிளப்பு என்னும் கேளிக்கை மன்றத்தில் பாடலானார். அவ்வாண்டு அக்டோபரில் டெக்கா கம்பெனியார் அவருடைய பாடல்களை முதன்முதலாக இசைத்தட்டிற் பதிவு செய்தனர். டிசம்பரில் கார்னகி மண்டபத்திலும் அவர் பாடினார்.

இங்கேதான் அவருடைய வாழ்வின் பெரும் போராட்டம் தொடங்குகின்றது. ஆலயத்திலே ஆண்டவனைத் துதித்த நாவினால், மதுவும் நடனமும் மலிந்த மன்றத்திலே பாடுவது தகுமோ? தகாது என்றே சபையினர் பலர் கருதினர். அவரைக் கடிந்தும் பேசினர். நிகழ்ச்சி நடத்துவோரோ, உலகியற் பாடல்களையே மிகுதியும் விரும்பினர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்ற அம்மையார், எதனையும் முற்றிலும் கைவிடத் துணிந்தாரல்லர். 1940-களின் தொடக்கத்தில் லக்கி மில்லிண்டர் என்பாரின் வாத்தியக் குழுவில் உலகியற் பாடல்களையும் பாடினார். பின்னர் அக்குழுவை விட்டு விலகிப் பக்திப் பாடல்களுக்கே மீண்டார். ஆயினும் அப்பாடல்களின் துள்ளலும், அவர் தந்தியை மீட்டிய விரைவும் கேட்போரைக் கட்டுண்ணச் செய்தன. 1944-இல் சாமி பிரைஸ் என்பாரின் பியானோவுடன் அவர் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' என்னும் பாடல், மறு ஆண்டிலே கறுப்பினத்தார் இசைக்குரிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எய்தியது. முதல் ராக் அண்டு ரோல் இசைத்தட்டு இதுவே எனக் கொள்வாரும் உளர்.

1946-ஆம் ஆண்டு முதல் மேரி நைட் என்னும் பாடகியாருடன் சேர்ந்து நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்தார். அப்பயணங்களின் இடர் சிறிதன்று. தென்மாநிலங்களில் வெள்ளையர் விடுதிகளிலே கறுப்பினத்தார்க்கு இடமில்லை, உணவுசாலைகளிலும் அவ்வாறே. மாலையில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிப் போற்றிய பாடகியார், இரவில் தம் பேருந்திலேயே உண்டு உறங்க நேர்ந்ததுண்டு. அந்நிலையிலும் பிறரைத் தூக்கிவிட அவர் மறந்தாரல்லர். 1947-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைத் தம் மேடையிலேற்றிப் பாடச் செய்தார். லிட்டில் ரிச்சர்டு எனப் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்றவர் அச்சிறுவரே.

1951-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரத்து விளையாட்டரங்கமொன்றில் அவருக்கு மூன்றாம் திருமணம் நடைபெற்றது. இருபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கட்டணம் செலுத்தி வந்திருந்தனர்! மணக்கோலத்திலேயே அவர் கிதார் வாசித்துக் கச்சேரி நிகழ்த்தினார். எனினும் காலம் மாறத் தொடங்கிற்று. உலகியற் பாடல்களைப் பாடியதனால் சபையினரின் அன்பு குறைந்தது. அவர் வகுத்த பாணியைக் கைக்கொண்ட இளைஞர்கள் பெரும் பொருள் ஈட்டியபொழுது, மக்கள் அவரை மெல்ல மறந்தனர்.

ஆதரவு கடல் கடந்து வந்தது. 1957-இல் கிறிஸ் பார்பர் என்பாரின் குழுவுடன் இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்தார். 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில், மான்செஸ்டர் நகரிலே கைவிடப்பட்ட புகைவண்டி நிலையமொன்றில் தொலைக்காட்சிக்காக ஒரு நிகழ்ச்சி நடந்தது. கேட்போர் ஒரு மேடையில் அமர்ந்திருக்க, தண்டவாளத்திற்கு அப்பாலுள்ள மேடையில் குதிரைவண்டியில் வந்திறங்கினார் அம்மையார். அன்று மழை பெய்திருந்தது. வெள்ளைக் கிதாரை மாட்டிக்கொண்டு, நோவா காலத்துப் பெருமழையைக் குறித்த பாடலையே அவர் பாடினார். அக்காட்சியின் படம் இன்றும் நம் கண்முன் உள்ளது.

பின்னர் அன்னையாரை இழந்தார். 1970-இல் பக்கவாதம் தாக்கியது. நீரிழிவு நோயினால் ஒரு காலையும் இழந்தார். அதன் பின்னரும் மேடையேறிப் பாடுவதை நிறுத்தவில்லை. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், இசைப்பதிவு ஒன்றிற்கு முந்திய நாளில், பிலடெல்பியாவில் உயிர் நீத்தார். அந்நகரத்து நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. பெயர் பொறித்த கல் ஒன்றுகூட அங்கே நாட்டப்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 2008-இல் அன்பர்கள் இசை நிகழ்ச்சி நடத்திப் பொருள் திரட்டிக் கல் நாட்ட வகை செய்தனர். 2018-இல் ராக் அண்டு ரோல் புகழ்மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஆலயத்தார் உலகத்தவள் என்றனர். உலகத்தார் ஆலயத்தவள் என்றனர். இருவரிடையிலும் அவர் தம் இசையைக் குறைத்துக்கொள்ளவில்லை. அதற்கென அவர் செலுத்திய விலையோ பெரிது. நாம் கேட்டு மகிழும் இசையின் பின்னே பெயர் பொறியாத கல்லறைகள் இன்னும் எத்தனை உளவோ? அவற்றைத் தேடி அறிதலும் கல்வியின் கடமைகளுள் ஒன்றேயாம்.