நாலு மணியும் நாலு கரண்டியும்



சோம்பலைக் குறித்துப் பிரசங்கித்தால் சபையே ஆமென் சொல்லுகிறது. பொருளாசையைக் குறித்துப் பேசினாலோ சத்தம் குறைஞ்சு போகுது. காரணம் உண்டு. சோம்பேறி என்றதும் அடுத்த வீட்டுக்காரன் ஞாபகம் வருகிறது. பொருளாசை என்றதும் நம்ம வீட்டு பீரோ ஞாபகம் வருகிறது! இந்த இரண்டு பாவங்களோடும் ஜீவியகாலமெல்லாம் போராடிய ஒரு தேவமனிதனைக் குறித்து இந்த மாதம் எழுத என் உள்ளம் ஏவப்பட்டது. அவர் ஜான் வெஸ்லி.

1703-ம் வருஷம் இங்கிலாந்து தேசத்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர்ப் போதகர். தாயார் சூசன்னா பெற்ற பிள்ளைகள் 19 பேர். பலர் சிசுவிலேயே மரித்துப் போனார்கள். 1705-ல் தகப்பனார் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆகவே வறுமை என்றால் என்னவென்று வெஸ்லி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில் அவருக்கு ஒரு தொல்லை. தினமும் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும். தேவைக்கு மேல் படுத்துக் கிடப்பதுதான் காரணமோ என்று நினைத்தார். என்ன பண்ணினார் தெரியுமா? ஒரு அலாரம் வாங்கினார். முதல் நாள் ஏழு மணிக்கு எழுந்தார். அன்று ராத்திரியும் விழிப்பு. மறுநாள் ஆறு, அதற்கடுத்த நாள் ஐந்து, அப்போதும் விழிப்பு. நாலாம் நாள் நாலு மணிக்கு எழுந்தார். அன்று ராத்திரி அயர்ந்து தூங்கினார். அதுமுதல் அறுபது வருஷம் போல அதிகாலை நாலு மணிக்கே எழுந்தார். பிற்காலத்தில் குதிரை மேல் போகும்போதும் கடிவாளத்தைத் தளர விட்டுப் புத்தகம் வாசிப்பார். இரண்டரை லட்சம் மைல் பிரயாணம், நாற்பதாயிரம் பிரசங்கம் என்று கணக்கிடுகிறார்கள். சோம்பலுக்கு அங்கே இடம் ஏது?

பொருளாசைக்கு வருவோம். ஆக்ஸ்போர்டில் ஒரு குளிர்நாளிலே ஏழைப் பெண் ஒருத்தி மெல்லிய உடையோடு நடுங்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள். கொடுக்கலாம் என்று பையில் கைவிட்டால் காசு குறைவு. சுவரில் மாட்டப் படங்கள் வாங்கிச் செலவழித்திருந்தார்! அந்தப் பெண்ணின் ரத்தமே சுவரில் தொங்குவதுபோல் அவர் இருதயம் குத்தப்பட்டது.

அந்நாட்களில் அவருடைய கூட்டத்தில் ஒரு வாலிபன் இருந்தானாம். வருமானம் 30 பவுன். 28-ல் ஜீவித்து 2 பவுனைக் கொடுத்தான். அடுத்த வருஷம் 60 பவுன். அதே 28-ல் ஜீவித்து 32 கொடுத்தான். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தான். நாலாம் வருஷம் 120, 92 கொடுத்தான். வெஸ்லி பெயர் சொல்லாமல் இதைப் பிரசங்கித்தார். அந்த வாலிபன் அவரேதான் என்பது பொதுவான எண்ணம்.

தேவபிள்ளையே, நமக்குச் சம்பளம் கூடினால் என்ன நடக்குது? வண்டி மாறுது, வீட்டு மேல இன்னொரு மாடி ஏறுது. ஏழைக்குக் கொடுக்கிற கை மட்டும் அதே அளவில் நிற்குது.

1738 மே 24-ம் தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில் அவருக்கு இரட்சிப்பின் நிச்சயம் கிடைத்தது. அதற்குப் பின்பும் இந்த ஒழுங்கு மாறவில்லை. ஆனால் கனி வெறும் ஒழுங்கினால் வந்ததல்ல, கிருபையினால் வந்தது.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்க. தான் நாலு மணிக்கு எழுகிறவர் என்பதற்காக வெஸ்லி ஏழைகளைச் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. 1753-ல் லண்டனில் குளிர்ந்த நிலவறைகளிலும் மாடி அறைகளிலும் கிடந்த ஏழைகளைப் போய்ப் பார்த்தார். நடமாட முடிந்தவர்களில் வேலை செய்யாதவர் ஒருவரையும் அவர் காணவில்லை. சோம்பலினால்தான் அவர்கள் ஏழைகள் என்பது பிசாசின் பொய் என்று கடிந்து எழுதினார். நான் ஊழியத்துக்கு வருமுன் மில்லில் வேலை செய்தவன். மில் மூடியபோது என்னோடு உழைத்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஊர் அவர்களையும் சோம்பேறிகள் என்றுதான் சொன்னது. வெஸ்லியோ 1740 குளிர்காலத்தில், வேலையில்லாத பரம ஏழைகள் பன்னிரண்டு பேரைக் கூடிவரும் இடத்திலேயே உட்காரவைத்துப் பஞ்சு நூற்க வேலை கொடுத்தார். 1746-ல் ஏழைகளுக்குக் கைம்மாற்று நிதியும் இலவச மருந்து கொடுக்கும் இடமும் ஆரம்பித்தார்.

பணத்தைக் குறித்து 1760-ல் வெளிவந்த அவருடைய பிரசங்கத்தில் மூன்று படிகள் உண்டு. உழைத்துச் சம்பாதி, வீண்செலவு செய்யாதே, மிஞ்சுவதையெல்லாம் கொடு. சாராயம் விற்றோ, அயலானைக் கெடுத்தோ சம்பாதிப்பது கூடவே கூடாது. நம்மில் அநேகர் முதல் இரண்டு படி ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறோம். வெஸ்லி முதிர்வயதில் பயந்தது இதற்குத்தான். 1786-ல் அவர் எழுதியதின் சாரம் இது: இரட்சிக்கப்பட்டவன் குடியை விடுகிறான், உழைக்கிறான், சிக்கனமாயிருக்கிறான், ஆகவே பணம் சேருகிறது, பணத்தோடே பெருமையும் உலக ஆசையும் வருகிறது. சோம்பலை ஜெயித்தவனைப் பொருளாசை பிடித்துக்கொள்ளுகிறது! இதற்கு ஒரே மருந்து கொடுப்பது என்றார். லூக்கா 12-ம் அதிகாரத்து ஐசுவரியவான் சோம்பேறி அல்லவே. அவன் நிலம் நன்றாய் விளைந்தது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்தான். அன்று ராத்திரியே ஆத்துமா கேட்கப்பட்டது.

1776-ல் வரி அதிகாரிகள், வெள்ளிப் பாத்திரங்களை மறைத்திருப்பாரோ என்று சந்தேகித்து வெஸ்லிக்கு எழுதினார்கள். லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நாலு வெள்ளித் தேக்கரண்டி இருக்கிறது. சுற்றிலும் அநேகர் அப்பத்துக்கு ஏங்கும்போது இனி வாங்கப்போவதில்லை என்று பதில் போட்டார். 1785 ஜனவரியில், 81 வயதில், கணுக்கால் அளவு உருகும் பனியில் நாட்கணக்காய் லண்டன் தெருக்களில் நடந்து, ஏழைகளுக்கு உடை வாங்க 200 பவுன் பிச்சையெடுத்தார். தமக்காகக் கேட்கவில்லை, பிறருக்காகக் கேட்டார்.

1791 மார்ச் 2-ம் தேதி, 87-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உடலைச் சுமக்கும் ஆறு ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு பவுன் கொடுக்கும்படி உயிலில் எழுதியிருந்தார்.

பிரியமானவர்களே, எழுப்புதல் வேண்டும் என்று முழங்காலில் நிற்கிறோம். நல்லது. இந்த வாரம் ஒரு நோட்டில் இரண்டு கணக்கு எழுதிப் பாருங்க. நேரம் எங்கே போனது? பணம் எங்கே போனது? எழுதினதைக் கர்த்தருடைய சமுகத்தில் விரித்து வையுங்கள். எந்தப் பக்கத்தை விரிக்கக் கூசுகிறோமோ, அந்தப் பக்கத்தில்தான் ஆவியானவர் கிரியை செய்யக் காத்திருக்கிறார். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.