கலாநிதி பி. வி. கேஸ்கர்

அகில இந்திய வானொலியின் இரவு நேரச் சங்கீதத்தை மாற்றியமைத்துப் புகழும் வசையும் ஒருங்கே பெற்றவர் கலாநிதி பாலகிருஷ்ண விசுவநாத கேஸ்கர். அவர் வரலாறு பாரதத்துக்கு உரியதாயினும், அதன் ஒரு பாதி எம் இலங்கையிலே நிகழ்ந்தமையால் இம்மலரில் அதனை எழுதப் புகுந்தோம்.

1903ஆம் ஆண்டு பிறந்த இம்மகாராட்டிரர், காசி வித்தியாபீடத்திற் கற்றுப் பின் பாரிஸ் நகரிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். துருபத இசையை முறையாகப் பயின்றவர். காங்கிரசில் நெடிது உழைத்து, 1952இல் நேருவின் அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். பத்தாண்டுகள் அப்பதவி வகித்தார்.

சமஸ்தானங்கள் மறைந்தபின் வித்துவான்களைப் புரப்பவர் யார் என்பதே அவர் முன் நின்ற வினா. வானொலியே புரக்கவேண்டுமென அவர் துணிந்தார். 1952 யூலை 20ஆம் நாள் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் அக்கச்சேரியை நாடெங்குமுள்ள நிலையங்கள் அஞ்சல் செய்தன. கர்நாடக இசையை அறியாத வடவரும் இந்துஸ்தானி இசையை அறியாத தென்னவரும் ஒருவர் இசையை ஒருவர் வீட்டிலிருந்தே கேட்டனர். வாத்திய விருந்தமும் அவர் காலத்ததே; அதனை இரவிசங்கரும் டி. கே. ஜெயராமையரும் நடத்தினர். 1954இல் வானொலிச் சங்கீத சம்மேளனம் எழுந்தது. சென்னை நிலையத்தின் கர்நாடக இசைப் பொறுப்பைச் செம்மங்குடி சீனிவாசையர் 1957 முதற் சில ஆண்டுகள் ஏற்றிருந்தார்.

இதனால் எமக்கு விளைந்த நன்மை சிறிதன்று. மத்திய அலை பகலிற் குன்றிப் பொழுதுபட்டபின் நெடுந்தூரம் செல்லும் இயல்பினது. ஆதலின், 1939இல் தோன்றிய திருச்சி நிலையத்தின் ஒலி இரவிலே கடல் கடந்து வரும். சபாக்களைக் கண்ணாற் காணாத கொட்டியாரக் குடாக்கரையினர்க்கும், தோப்பூர் வயற்புறத்தினர்க்கும், பெருங் கச்சேரியைக் கேட்க அதுவே வழி.

ஆனால் கேஸ்கர் அளித்ததோடு அமையவில்லை, தடுக்கவும் செய்தார். திரைப்பாடல்களுக்குரிய நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்லுவதும் விளம்பரமே எனக் கொண்டு அதனை நிறுத்தினார். படத்தயாரிப்பாளர் சினந்து, பாடல்களை ஒலிபரப்ப அளித்திருந்த இசைவை மீட்டுக்கொண்டனர். திரைப்பாடல் ஏறக்குறைய முற்றாகவே ஒழிந்தது. அவ்விடத்தை நிரப்ப வானொலியே ஆக்குவித்த மெல்லிசை, மக்கள் மனத்திற் பதியவில்லை.

பதிந்தது வேறொன்று. போர்க்காலத்திற் படைவீரர்க்கென நிறுவப்பட்ட வலிய சிற்றலைக் கருவி கொழும்புக்கு அண்மையில் ஏக்கலையில் இருந்தது. அதன் துணையால் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அப்பாடல்களை நாடெங்கும் பரப்பியது. 1952 டிசெம்பரிலே அமீன் சயானியின் பினாக்கா கீதமாலா தொடங்கிற்று. நிகழ்ச்சி பம்பாயிற் பதிவாகி, ஒலிநாடா விமானத்தில் கொழும்பு வந்து, அங்கிருந்து மீண்டும் பாரதத்துக்கே சென்றது! தமிழ்நாட்டார் எம் மயில்வாகனனின் குரலுக்குக் காத்திருந்ததும் இவ்வாறே. கேஸ்கர் தம் நாட்டில் மூடிய கதவு, கொழும்பிலே திறந்தது. ஈற்றில் அவரே இணங்கி, 1957 ஒக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடக்கினார்.

அவர் கொள்கையில் மற்றொரு குறையும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. இந்துஸ்தானி இசை தாழ்வுற்றதற்கு ஆங்கிலேயரோடு முஸ்லிம் வித்துவான்களையும் அவர் பொறுப்பாக்கினார். முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் தோப்பூரிலிருந்து நோக்கும் எமக்கு இது ஒவ்வாது. அவர் காலத்து வாத்திய விருந்தத்தை நடத்திய இரவிசங்கரின் குரு, மைகர் அலாவுதீன்கான் அல்லரோ?

1962இல் அமைச்சர் பதவியினின்று நீங்கி, தேசிய நூல் நிறுவனத்தின் தலைவராய்ப் பணிபுரிந்தார். இந்திய இசையின் பிரச்சினைகள் பற்றி 1967இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1984இல் காலமானார்.

அவருக்குப்பின், 1988இல் இரவு முழுதும் ஒலிக்கும் தேசிய அலைவரிசையை அவ்வானொலி தொடங்கிற்று; 2018 டிசெம்பரில் அதனை மூட ஆணை பிறந்தது. அதற்குமுன்பே, 2016 சனவரி 26ஆம் நாள், சாஸ்திரிய இசைக்கென்றே இருபத்துநான்கு மணிநேர ராகம் அலைவரிசை தோன்றிவிட்டது. அதிலே திரைப்பாடல் இல்லை. வேண்டுவோர் விவித பாரதிக்குச் செல்ல, எவரும் தடுப்பதுமில்லை.