கை எழுதிய முதற்சொல்

கோடைக்கானல் மலையின் தென்விளிம்பில் நிற்பவர்க்குக் கீழே பெரியகுளமும், அதற்கப்பால் தேனிச் சமவெளியும் விரிந்து கிடக்கும். மோட்டார்ச் சாலை வருமுன் பெரியகுளத்துப் பக்கமிருந்தே மக்கள் அம்மலைக்கு நடந்தேறினர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 முதல் 1944 வரை, அம்மலைமேல் இத்தாலிய மூதாட்டி ஒருவர் தங்கியிருந்தார். ஆங்கில அரசின் கணக்கில் அவர் பகைநாட்டவர். குழந்தைகளுக்கோ உற்ற தோழி. அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31 அன்று பிறந்த அவர், பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலத்தில், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநலக் காப்பகங்களில், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டார். உணவு முடிந்ததும் தரையில் சிந்திய அப்பத்துணுக்குகளை அவர்கள் பாய்ந்து பொறுக்குவதைப் பணியாள் ஒருத்தி பேராசையென்று இகழ்ந்தாளாம். அம்மையாரோ அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டு உருட்ட ஒரு பொருளும் அங்கில்லை. அது வயிற்றின் பசியன்று, விரல்களின் பசி என்று அவர் உணர்ந்தார்.

அவருடைய வாழ்விலும் ஒரு பசி இருந்தது. 1898-இல் மணவாழ்வுக்கு வெளியே மகன் மாரியோ பிறந்தார். அக்காலச் சமூகம் அதைப் பொறுக்காது என்பதால் குழந்தை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்ந்தது. மாரியோ பதின்பருவத்தில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின்னும் நெடுங்காலம் உறவுப்பிள்ளை என்றே ஊராருக்கு அறிமுகமானார். உலகக் குழந்தைகளின் விரல்களை உற்றுநோக்கிய தாய்க்குத் தன் மகனின் மழலைக் கையைப் பிடித்து நடத்தும் பேறு வாய்க்கவில்லை.

1907 சனவரி 6 அன்று உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சுவர்களைப் பாழாக்கித் திரிந்த பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்து வைப்பதே கட்டட உடைமையாளரின் நோக்கம். அம்மையார் அதனை அறிவின் உலைக்களமாக்கினார். பொத்தான் மாட்டவும், வார் கோக்கவும், முடிச்சிடவும் துணி பொருத்திய மரச்சட்டங்களைக் கொடுத்தார். குழந்தைகள் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றினர், கைகழுவக் கற்றனர், மேசையைத் துடைத்தனர். உருளைக் கட்டைகளைக் குழிகளில் பொருத்தும் விளையாட்டில், கட்டையின் சிறு குமிழைப் பெருவிரலும் அடுத்த இருவிரல்களும் பற்றும். பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கப்போவதும் அவையே. வடிவச் சட்டங்களின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து உட்புறத்தைக் கோடுகளால் நிரப்புகையில் மணிக்கட்டு பழகும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைச் சுட்டுவிரலும் நடுவிரலும் தடவுகையில் எழுத்தின் வடிவம் தசையில் பதியும். எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

அவ்வாண்டு திசம்பரில், வெயில் காய்ந்த ஒருநாள், குழந்தைகளோடு மாடித்தளத்தில் அமர்ந்திருந்த அம்மையார், ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்த சிறுவனைப் பாராட்டினார். அவன் ஒருகணம் தயங்கி, எழுத முடிகிறதென்று கூவிக்கொண்டே தரையில் குனிந்து ஒரு சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி என்றும், கூரை என்றும் எழுதினான். முதலில் எழுதிய சொல் எது? கை.

பாசிச அரசோடு முரண்பட்டு 1934-இல் இத்தாலியை நீங்கிய அம்மையாரை 1936-இல் எசுப்பானிய உள்நாட்டுப் போர் பார்சிலோனாவிலிருந்தும் துரத்தியது. ஆலந்தில் இருந்த அவர், அருண்டேல், ருக்மிணிதேவி ஆகியோர் அழைப்பை ஏற்று 1939-இன் பிற்பகுதியில் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலப்படுத்த, முந்நூறுக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே மாரியோ சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். எழுபதாம் பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவித்த அரசப் பிரதிநிதியின் தந்தி, மகன் என்றே அவரைக் குறித்தது. நாற்பதாண்டுகளாக மறைந்திருந்த உறவுக்குச் சிறைக்காலமே பெயர் சூட்டியது.

கோடைக்கானலில் அவரைச் சுற்றிச் சிறு பள்ளி உருவாயிற்று. மழலையர் மட்டுமன்றி வளர்ந்த பிள்ளைகளும் அங்கே இருந்தனர். செடி, பாசி, பூச்சி, கல் என மலையே பாடப்பொருளாயிற்று. அனைத்துயிரும் ஒன்றையொன்று சார்ந்தியங்கும் உலகைப் பிள்ளைகளுக்குக் காட்டும் அவருடைய கல்விக்கொள்கை இங்குத்தான் செழித்தது. 1944-இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தி, 1946-இல் ஐரோப்பா திரும்பினார். பின்னரும் இந்தியாவுக்கு வந்தார். 1952 மே 6 அன்று ஆலந்தில் மறைந்தார்.

அம்மலையின் அடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் விரல்களின் பள்ளி பழமையானது. சொட்டாங்கல்லும் பல்லாங்குழியும், வாழைநாரில் பூத்தொடுத்தலும், பாட்டியருகே அமர்ந்து மொச்சை உரித்தலும் அதன் பாடங்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியபின்னரே பிள்ளை ஓலையைத் தொட்டது. சிறுகை துழாவிய கூழை அமிழ்தினும் இனிதெனக் கண்ட வள்ளுவர் மரபு இது. ஆயினும் கூலிக்காகப் பிஞ்சுவிரலை வருத்துவது இதனினும் முற்றிலும் வேறு. வளர்ந்தோர் உலகைச் சமைக்க வேலை செய்கின்றனர். குழந்தை தன்னைச் சமைக்க வேலை செய்கிறது. அம்மையார் வாழ்நாளெல்லாம் காத்த வேறுபாடு இதுவே.

மூன்று வயதிலேயே எழுதுகோலைத் திணித்து, வரிக்குள் எழுதவில்லையென்று கடிந்துகொள்ளும் வகுப்பறைகள் இன்றும் உண்டு. நூலும் மணியும் நீரும் மணலும் கிடைக்காமல் எழுத்து மட்டும் கிடைத்த கை விரைவில் சோர்ந்துபோகும். சொல்லை நம்பி வாழ்வோர்க்கு மாண்டிசோரி அம்மையாரின் வாழ்வு நினைவூட்டுவது ஒன்றே: ஏட்டுக்கு வருமுன் எழுத்து விரலில் பிறக்க வேண்டும். மாடித்தளத்தில் குனிந்த அச்சிறுவனுக்கு அதை எவரும் சொல்லித்தரவில்லை. அவன் கையே அதை எழுதிவிட்டது.